செம்மண் தரையிலிருந்து நீல டர்ஃப் வரை: ஹாக்கியில் மேல் படி ஏறுவது ஏன் கஷ்டம்?

கீழ்பென்னாத்தூர்ல உட்கார்ந்துகிட்டு ஹாக்கி பத்தி எழுதறியே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயம்தான். சாயங்காலம் ஆனா எங்க பக்கத்துப் பசங்க கிரிக்கெட், கபடி, வாலிபால்னு கிளம்பிடுவாங்க. ஹாக்கி ஸ்டிக்கைப் பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் ரூம்ல பார்த்தால்தான் உண்டு. ஆனால் நான் கொஞ்ச நாளாகத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு கேள்விக்கு, மற்ற ஆட்டங்களைவிட ஹாக்கிதான் தெளிவாகப் பதில் சொல்கிறது.

கேள்வி இதுதான். மாவட்ட அளவில், மாநில அளவில் எதிரில் நிற்க ஆளில்லை என்று பேர் எடுத்த ஒரு பையன், மேல் மட்டத்துக்குப் போனதும் காணாமல் போவது ஏன்? ஊரில் இதற்குத் தயாராக மூன்று பதில் இருக்கும்: "பாலிடிக்ஸ் பண்ணிட்டாங்க", "பயந்துட்டான்", "உடம்பு பத்தல". மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் படித்துப் பார்த்த வரையில் எனக்குப் புரிந்தது வேறு. மேலே போகப் போகக் குறைவது நேரம். பந்து காலடிக்கு வருவதற்கும் எதிராளி மேலே வந்து விழுவதற்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளி.

தரை மாறினால் ஆட்டமே மாறும்

முதலில் ஒரு பழைய கதை. 1975-ல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பையை இந்தியா ஜெயித்தது. கேப்டன் அஜித்பால் சிங். அது புல் தரை. அடுத்த வருஷமே மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸ். அதே கேப்டன், அணியிலும் பல பேர் அதே ஆட்கள். ஆனால் ஒலிம்பிக்ஸில் முதல் தடவையாகச் செயற்கைத் தரை. ஆஸ்திரேலியாவிடம் 6-1 என்று தோற்று, கடைசியில் ஏழாவது இடம். ஒரே வருஷத்தில் யாருக்கும் திறமை கரைந்து போகாது. தரை மாறியது, அதனால் பந்தின் வேகம் மாறியது, அதனால் யோசிக்கக் கிடைக்கும் நேரம் மாறியது. (1980-ல் நம்ம தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் தங்கம் வந்தது உண்மை. ஆனால் அந்த ஒலிம்பிக்ஸைப் பல நாடுகள் புறக்கணித்திருந்தன.)

மண் தரையில் பந்து குதிக்கும். எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாது. அதனால் அங்கே வளர்ந்த பையன் என்ன பழகுவான்? பந்து வரும்வரை அதையே பார்ப்பான், நின்று நிறுத்துவான், பிறகு தலையைத் தூக்குவான். அது தப்பில்லை, அந்தத் தரைக்கு அதுதான் புத்திசாலித்தனம்.

தண்ணீர் தெளித்த டர்ஃபில் பந்து வழுக்கிக்கொண்டு நேராக வரும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பாஸ் 20 மீட்டரை ஒரே வினாடியில் கடந்துவிடும். ஐந்து மீட்டர் தள்ளி நிற்கும் எதிராளியும் கிட்டத்தட்ட ஒரு வினாடியில் உங்க மேல இருப்பார். அந்த ஒரு வினாடிக்குள் பந்தை நிறுத்தி, தலையைத் தூக்கி, யார் எங்கே என்று பார்த்து, முடிவெடுத்து அடிக்க முடியாது. அப்ப மேல் மட்டத்தில் ஆடறவங்க எப்படிச் செய்யறாங்க? பந்து வருவதற்கு முன்னாடியே பார்த்து முடித்துவிடுகிறார்கள். இடது தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை, வலதுக்கு ஒரு பார்வை. பந்து கைக்கு வரும்போது முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது.

இன்னொன்று, பயம். டர்ஃபில் கோலுக்கு முன்னால் விழுந்து புரண்டு பந்தைத் தொட்டுத் திருப்பும் டிஃப்லெக்ஷன் ஒரு பெரிய ஆயுதம். கிராவலில் அப்படி விழுந்தால் முட்டித் தோல் மிச்சமிருக்காது. ஸ்டிக்கைத் தரையோடு படுக்க வைத்து அடிக்கும் ரிவர்ஸ் ஹிட்டும் அப்படித்தான், கல் தரையில் ஸ்டிக்தான் தேயும். ஆக, மேலே தேவைப்படும் சில வித்தைகளைக் கீழே கற்றுக்கொள்ளவே வழியில்லை.

ராஜா சிப்பாய் ஆக வேண்டும்

நேரம் குறைந்தால் வேலையும் மாறும். லோக்கல் டோர்னமெண்டில் ஸ்டார் பையனிடம் எல்லாரும் பந்தைக் கொடுப்பார்கள். அவன் மூணு பேரைத் தாண்டிப் போவான், கைதட்டல் கேட்கும். முழு ஆட்டமும் ஆட வேண்டும் என்பதால் நடுநடுவே நடந்து மூச்சு வாங்கிக்கொள்வான்.

சர்வதேச ஆட்டம் 15 நிமிஷம் வீதம் நான்கு குவார்ட்டர். ஆளை மாற்றுவதற்குக் கணக்கே கிடையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். அதனால் ஃபார்வர்டுகள் சில நிமிஷம் உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு வெளியே வருவார்கள், மூச்சு வாங்கி மறுபடி இறங்குவார்கள். இறங்கும் அந்தச் சில நிமிஷங்களில் ஃபார்வர்டின் பெரிய வேலை பந்தோடு ஓடுவதுகூட அல்ல. எதிரணி டிஃபெண்டர் பாஸ் கொடுக்கும் வழியை அடைப்பது. அதைத்தான் பிரஸ் என்கிறார்கள். நீங்க அடைச்ச வழியால பின்னாடி இருக்கறவர் பந்தைப் பறிப்பார். பேரு அவருக்கு, ஓட்டம் உங்களுக்கு.

ஊரில் ராஜாவாக இருந்தவனுக்கு இது கால்களைவிட மனசுக்குத்தான் பாரம். போதாக்குறைக்கு முகாமில் பேச்சு இந்தியும் பஞ்சாபியுமாக இருக்கும், வெளிநாட்டுப் பயிற்சியாளர் வீடியோ போட்டு ஆங்கிலத்தில் விளக்குவார். அரை வினாடியில் புரிய வேண்டிய கூப்பிடல்களை மனசுக்குள் தமிழாக்கிக்கொண்டிருந்தால் அங்கேயும் நேரம்தான் போகும்.

கார்த்தியின் படிகள்

இதற்குக் கண்ணெதிரே இருக்கும் உதாரணம் அரியலூர் எஸ். கார்த்தி. கோவில்பட்டியில் உள்ள தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் சிறப்பு விடுதியில் பயிற்சி பெற்றவர். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. மூத்த ஆட்டக்காரர்கள் பலருக்கு ஓய்வு கொடுத்து இளம் அணியை அனுப்பினார்கள். அதில் கார்த்தி, கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல் என்று நம்மவர்கள் இரண்டு பேர். பாகிஸ்தானுடன் முதல் ஆட்டம், கார்த்திக்கு அதுதான் அறிமுகம். 1-1 என்று முடிந்த அந்த ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோல் அவருடையது. அந்த அணி வெண்கலம் வாங்கியது.

அடுத்தது 2023 ஆகஸ்ட். சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை. அரையிறுதியில் ஜப்பானை 5-0 என்று வீழ்த்தியபோது ஐந்தாவது கோல் கார்த்தி. இறுதியில் மலேசியாவை 4-3 என்று வென்று இந்தியாவுக்குக் கோப்பை.

இதோடு கதை முடிந்தால் சினிமா. ஆனால் அடுத்த மாதம் தொடங்கிய ஹாங்சோ ஆசிய விளையாட்டு அணியில் அவர் இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் அணியிலும் இல்லை. ஒலிம்பிக்ஸுக்கு 16 பேர்தான், ஃபார்வர்டுக்கு அதில் ஐந்து இடம். இதை ஒருவரின் தோல்வி என்று எழுதுவது அநியாயம். மேல் படியில் கால் வைப்பது ஒரு வேலை, அங்கேயே நிற்பது இன்னொரு வேலை. இரண்டாவதற்குத் தேவை அடிக்கடி கிடைக்கும் கடினமான ஆட்டங்கள்.

நடுப்படி எங்கே?

வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கியைப் பாருங்க. மேலே என்.எச்.எல். என்ற லீக், 32 அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஏ.எச்.எல். லீகில் ஒரு துணை அணி. மேலே ஆடுபவர்களில் பெரும்பாலானோர் அந்த வழியாக வந்தவர்கள்தான். மேலே தடுமாறினால் கீழே அனுப்புவார்கள், அங்கே வாரா வாரம் ஆடித் தேறி மறுபடி வரலாம். கீழே இறங்குவது அங்கே அவமானம் இல்லை, பாடத்திட்டத்தில் ஒரு பகுதி. இத்தனைக்கும் இரண்டு லீகிலும் ஒரே பனித்தரை, ஒரே விதமான ஆடுகளம். மாறுவது நேரம் மட்டும்தான். அதற்கே அவங்களுக்கு இவ்வளவு ஏற்பாடு. நம்ம பையனுக்குத் தரையும் சேர்ந்து மாறுகிறது.

நமக்கு அந்த நடுப்படியாக இருந்திருக்க வேண்டியது ஹாக்கி இந்தியா லீக். 2013-ல் தொடங்கி 2017-ல் நின்றுபோனது. மறுபடி வந்தது 2024 டிசம்பர் கடைசியில். 2017-ல் 17 வயதாக இருந்த ஒரு பையனுக்கு லீக் திரும்பும்போது 24, 25 வயது. உலகத்தரமான ஆட்டக்காரர்களோடு தினமும் மோதிக் கற்க வேண்டிய வயது அப்படியே ஓடிப்போயிற்று. வீட்டில் "ஹாக்கி சோறு போடுமா" என்று கேட்க ஆரம்பித்திருப்பார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைத்தால் போதும் என்று அவனும் நினைத்திருப்பான். அவனைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை?

2024-ல் திரும்பி வந்த லீகில் ஒரு நல்ல விதி இருந்தது. 24 பேர் கொண்ட அணியில் குறைந்தது 16 பேர் இந்தியர்கள், அதில் நான்கு பேர் ஜூனியர்களாக இருந்தே ஆக வேண்டியிருந்தது. தமிழ்நாடு டிராகன்ஸ் என்று நமக்கும் ஓர் அணி இருக்கிறது, கார்த்தி அதில் ஆடினார். 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது, அதற்காக மதுரைக்கும் நல்ல டர்ஃப் வந்தது. படிகள் கூடுகின்றன, சந்தோஷம்.

டர்ஃப் இல்லாத ஊரில்?

எங்க ஊர் மாதிரி இடங்களுக்கு டர்ஃப் எப்ப வரும்னு காத்துக்கிட்டிருக்க முடியாது. விளையாட்டு விடுதிக்கு ஏழாம் வகுப்பிலிருந்தே ஆள் எடுக்கிறார்கள். அதற்குள் ஒரு பி.டி. வாத்தியார் மண் தரையில் என்ன சொல்லித்தர முடியும்?

ரிவர்ஸ் ஹிட்டும் டிஃப்லெக்ஷனும் முடியாது. ஆனால் பந்து வரும் முன் தோளுக்குப் பின்னால் பார்க்கும் பழக்கத்துக்கு டர்ஃப் தேவையில்லை. சின்னக் கட்டம் கோடு போட்டு, நாலுக்கு ரெண்டு என்று விட்டு, பின்னால் நிற்பவர் காட்டும் விரலைச் சொல்லிவிட்டுத்தான் பந்தை வாங்க வேண்டும் என்று ஒரு விதி வைத்தால் போதும். செலவு நாலு சுண்ணாம்புக் கோடு. மூணு பேரைத் தாண்டினவனுக்கு மட்டும் கை தட்டாமல், பந்தே தொடாமல் வழியை அடைத்தவனுக்கும் நாம் கை தட்டலாம்.

பன்னிரண்டு வயதில் இந்த இரண்டும் பழகிய பிள்ளை டர்ஃபில் கால் வைக்கும்போது தரை மட்டும்தான் புதிதாக இருக்கும். தரையைச் சில மாதத்தில் பழகிக்கொள்ளலாம். கண்ணைப் பழக்கத்தான் வருஷக்கணக்காகும்.