பெயர்த் தகடு இல்லாத படகு ட்ரெயிலர்: வாங்கலாமா, விடலாமா?

கல்பிட்டியில் சுற்றுலாப் பயணிகளைக் கடலுக்கு அழைத்துச் செல்லும் தம்பி ஒருவர் அண்மையில் என்னைத் தேடி வந்தார். பழைய வெளிநாட்டுப் படகொன்று அவருக்கு விலைக்கு வந்திருக்கிறது. அதனோடு ட்ரெயிலரும் உண்டு. ஆனால் அந்த ட்ரெயிலரில் கம்பனிப் பெயரோ தகடோ எதுவுமில்லை. "நானா, படகு நல்லது. இந்த ட்ரெயிலரை நம்பி வாங்குவதா, இல்லை பழைய இரும்பு விலைக்குக் கேட்பதா?" என்றார்.

அவருக்கு என் கதையைச் சொன்னேன். பல வருடங்களுக்கு முன் நானும் இப்படியொரு ட்ரெயிலரை, புது டயரையும் புதுப் பெயின்டையும் பார்த்து வாங்கினேன். நீர்கொழும்பிலிருந்து படகை ஏற்றி வரும்போது, மாரவிலவைத் தாண்டியதும் ஒரு பக்கச் சில்லு ஹப்போடு கழன்று ஓடியது. வீதியில் ஆளில்லாததால் உயிர்கள் தப்பின. படகின் அடி உடைந்து, இலாபமும் முதலில் ஒரு பகுதியும் போயிற்று. சிதைந்த பேரிங்கைக் கையில் எடுத்தபோதுதான் அதில் இலக்கம் அடித்திருப்பதைக் கண்டேன். வாங்குமுன் பார்த்திருக்க வேண்டிய இலக்கம் அது.

சிறிய ட்ரெயிலர் செய்பவர்கள் பேரிங், சில்லு, கொளுவி போன்றவற்றைப் பெரும்பாலும் தாங்களே செய்வதில்லை. சந்தையிலுள்ள பொது அளவுகளை வாங்கிப் பூட்டுகிறார்கள். எனவே செய்தவர் யார் என்று தேடி அலைவதைவிட, பூட்டியிருப்பது என்ன அளவு என்று பார்ப்பதே வியாபாரிக்குப் பயன் தரும்.

முதலில் இழுவைத் தண்டையும் அச்சையும் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். கிரைண்டர் போடாதீர்கள், இலக்கம் இருந்தால் அதுவும் அழிந்துவிடும். தேய்த்த இடத்தில் வெண்கட்டியைப் பூசினால் மங்கிய எழுத்துகள் தெரியக்கூடும். அமெரிக்க ட்ரெயிலர்களில் 1981 மாதிரி ஆண்டு முதல் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட இலக்கம் இருக்கும். அதில் பத்தாவது இடம் மாதிரி ஆண்டைக் குறிக்கும்.

அடுத்தது கொளுவி. அதன் மேல் உருண்டையின் அளவும் தாங்கும் எடையும் அடித்திருக்கும். 50 மில்லிமீற்றரும் 2 அங்குலமும் ஒன்றென்று நினைக்க வேண்டாம். 2 அங்குலம் என்பது 50.8 மில்லிமீற்றர். அந்தக் கொளுவியை 50 மில்லிமீற்றர் உருண்டையில் மாட்டினால் தளர்வாக நிற்கும். குலுக்கத்தில் கழன்றும் விடலாம்.

மூன்றாவது சில்லின் ஆணிகள். நான்கு ஆணி என்றால், எதிரெதிர் ஆணிகளின் மையத்திலிருந்து மையத்துக்கு அளவுங்கள். 101.6 மில்லிமீற்றர் வந்தால் அது பழைய பிரித்தானிய மினி காரின் அளவு. அங்குள்ள சிறிய ட்ரெயிலர்களில் இது சாதாரணம். ஐந்து ஆணி என்றால், ஓர் ஆணியை விட்டு அடுத்ததன் மையத்துக்கு அளந்து, அதை 0.951ஆல் வகுக்க வேண்டும். 114.3 வந்தால் அமெரிக்க ட்ரெயிலர்களில் பரவலான அளவு. பல ஜப்பானியக் கார்களிலும் இதே அளவு இருப்பதால் மாற்றுச் சில்லு தேடுவது எளிது. ஆனால் நடுத்துளையும் தாங்கும் எடையும் பொருந்துகிறதா என்று பார்த்தே பூட்ட வேண்டும்.

நான்காவது, முக்கியமானது, பேரிங். ஜக்கில் ஏற்றி, ஹப்பைக் கழற்றித் துடைத்துப் பாருங்கள். L44643 என்றிருந்தால் உள்விட்டம் 25.4 மில்லிமீற்றர், அதாவது ஓர் அங்குலம். அதன் வெளிவளையம் L44610. LM67048உம் LM11949உம் சோடியாக இருந்தால் அவுஸ்திரேலிய வழக்கம். எந்தக் கம்பனி செய்தாலும் இந்த இலக்கங்கள் மாறுவதில்லை. தம்பியின் ட்ரெயிலரில் நான்கு ஆணியும் L44643உம் இருந்தன. பஞ்சிகாவத்தையில் இலக்கத்தைச் சொன்னதும் கடைக்காரர் எடுத்து வைத்தார்.

பூட்டும்போது வெளிவளையத்தையும் சீலையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய கிரீஸை முற்றாகக் கழுவி, கடல் நீரைத் தாங்கும் கிரீஸைப் போடுங்கள். ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு சிறிது தளர்த்தி, புது ஊசி போடுங்கள். ஓடிச் சூடான ஹப்பை உடனே கடலில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி உப்பு நீரை உறிஞ்சும். ஆறவிட்டு இறக்குங்கள்; ஏற்றியதும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தம் வந்தால் குழாய் உள்ளிருந்தே கறள் பிடித்திருக்கலாம். அச்சின் உள்ளே ரப்பர் வைத்த வகை என்றால் அதில் வெல்டிங் செய்ய வேண்டாம். சூட்டில் ரப்பர் கெட்டுவிடும். ரப்பர் தளர்ந்திருந்தால் அச்சையே மாற்ற வேண்டும்.

எவ்வளவு ஏற்றலாம்? டயரில் 78 என்ற சுமைக் குறியீடு இருந்தால் ஒரு டயர் 425 கிலோ தாங்கும், இரண்டும் 850. ஆனால் கொளுவியோ அச்சோ அதைவிடக் குறைவாகத் தாங்கினால் அந்தக் குறைந்த எடையே உங்கள் எல்லை. படகு, என்ஜின், எரிபொருள், ட்ரெயிலர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அச்சின் பலம் தெரியாவிட்டால், எடை குறித்த புது அச்சைப் போட்டுவிடுவதே புத்தி.

வீதியில் இழுப்பதற்குப் பதிவும் வேண்டும். இலக்கமில்லாத ட்ரெயிலரைப் பதியலாமா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்ட பின்னரே முற்பணம் கொடுங்கள். நீங்களாக ஓர் இலக்கத்தை அடிக்காதீர்கள், அது குற்றம்.

தம்பி அச்சுக்கும் பேரிங்குக்கும் ஆகும் செலவை விலையில் குறைத்துக் கேட்டு வாங்கினார். பேரிங் இலக்கத்தையும் ஏற்றக்கூடிய எடையையும் இழுவைத் தண்டில் பெயின்டால் எழுதச் சொன்னேன். நாளை அவர் விற்கும்போது, மாற்றியது எது, மாற்றாதது எது என்பதையும் எழுதிக் கொடுக்கட்டும். என்னிடம் விற்றவர் அதைச் செய்திருந்தால் அந்தச் சில்லு வீதியில் ஓடியிருக்காது.