கிழ டிராக்டருக்கு மறுஜன்மம்

"பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்!" என்று கூவிக்கொண்டு தெருவில் வரும் வியாபாரியை நம் நேயர்கள் அறிவார்கள். உடைந்த வாளியும் ஓட்டை விழுந்த கொப்பரையும் அவனுடைய தராசில் ஏறிவிட்டால், அவற்றின் சரித்திரம் அத்துடன் முடிந்தது. ஆனால் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வேறு ரகத்து மனிதர்கள் சிலர் இருக்கிறார்கள். வேலியோரத்தில் முட்செடி மூடித் துருவேறிக் கிடக்கும் பழைய டிராக்டரை அவர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள். வீட்டுக் கொட்டகைக்கு அதை இழுத்து வந்து, இரண்டு மூன்று குளிர்காலங்களை அதனுடனேயே கழிக்கிறார்கள். இவர்களில் பள்ளி ஆசிரியர்களும் உண்டு; குமாஸ்தாக்களும் உண்டு; உழவர்களும் உண்டு. இவர்களுடைய மனைவிமாரின் அபிப்பிராயத்தை நாம் விசாரிக்கவில்லை.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று சிரித்து ஒதுக்கிவிடலாம். ஆயினும், அந்தக் கொட்டகைக்குள் நடப்பதைச் சற்றுக் கவனித்தால், நம் தேசம் யோசிக்கவேண்டிய விஷயம் ஒன்று அதில் இருப்பது புலப்படும்.

சின்னச் சாம்பல் பெர்கி

இவ்வாறு மறுஜன்மம் எடுக்கும் யந்திரங்களுள் மிகப் பிரசித்தமானது பெர்குஸன் டி.இ. 20 என்னும் டிராக்டர். உருவத்தில் சிறியது, நிறம் சாம்பல். ஆகவே ஜனங்கள் அதற்குச் 'சின்னச் சாம்பல் பெர்கி' என்று செல்லப் பெயர் வைத்தார்கள். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் கவெண்ட்ரி நகரத்துப் பானர் லேன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெர்கிகள் பிறந்தன. யுத்த காலத்தில் ஆகாய விமான எஞ்சின்கள் செய்த தொழிற்சாலை அது. ஆயுதம் வடித்த உலையிலேயே பிறகு கொழு வடித்தார்கள் என்று சொல்லலாம்.

இந்த யந்திரத்தைச் சிருஷ்டித்தவர் ஹாரி பெர்குஸன். 1884-இல் அயர்லாந்தின் டௌன் ஜில்லாவில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். 1909 டிஸம்பர் 31-ஆம் தேதி, தாமே செய்த விமானத்தில் ஏறிப் பறந்து, அயர்லாந்தில் முதன்முதல் பறந்தவர் என்ற கீர்த்தியும் பெற்றவர். முதல் உலக யுத்தத்தின்போது உணவுப் பஞ்சம் நேராமலிருக்க, டிராக்டர் உழவைச் சீர்படுத்தும் வேலை 1917-இல் இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஊர் ஊராகச் சுற்றிய பெர்குஸன் ஒரு பெரிய குறையைக் கண்டார். எருதுகள் ஏரை இழுப்பது போலவே, அக்காலத்து டிராக்டரும் கலப்பையைப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு சென்றது. கொழு பாறையிலோ வேரிலோ சிக்கினால், எருது நின்றுவிடும், யந்திரம் நிற்குமா? அதன் பின் சக்கரங்கள் தொடர்ந்து உந்த, முன்பக்கம் தூக்கிக்கொண்டு, டிராக்டர் அப்படியே பின்புறம் கவிழும். ஓட்டியவன் அதன் அடியில் நசுங்குவான்.

இதற்குப் பெர்குஸன் கண்ட பரிகாரம் மூன்று கரங்கள். கீழே இரண்டும் மேலே ஒன்றுமாக அவை கலப்பையை டிராக்டரின் அங்கமாகவே சேர்த்துவிடுகின்றன. மண்ணின் எதிர்ப்பு மேற்கரத்தின் வழியாக முன்னோக்கித் தள்ளி, முன் சக்கரங்கள் தரையை விட்டுக் கிளம்பாமல் காக்கிறது. அதே அழுத்தம் ஓர் எண்ணெய்ப் பம்பின் வால்வை அசைத்து, மண் இறுகும்போது கலப்பையைச் சற்றே உயர்த்துகிறது. கலப்பையின் பாரமும் பின் சக்கரங்களின் மேல் விழுவதால் அவை வழுக்காமல் மண்ணைப் பற்றுகின்றன. இதனாலேயே, ஒரு டன்னுக்குச் சற்று அதிகமான எடையுள்ள சிறிய யந்திரம், தன்னைவிடக் கனத்த யந்திரங்களின் வேலையைச் செய்ய முடிந்தது.

1938-இல் பெர்குஸனும் அமெரிக்கக் கோடீசுவரர் ஹென்றி போர்டும் காகிதம், கையெழுத்து ஒன்றும் இல்லாமல், கைகுலுக்கி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு போர்டு தொழிற்சாலையிலிருந்து மூன்று கரங்கொண்ட டிராக்டர்கள் புறப்பட்டன. போர்டின் பேரர் அந்த உறவை முறித்தபோது பெர்குஸன் வழக்குத் தொடுத்தார். 1952-இல் 92½ லட்சம் டாலர் பெற்று ராஜியானார். 1958 ஜனவரி 4-ஆம் தேதி, எவரெஸ்டு வீரர் ஹில்லாரி தம் தோழர்களுடன் தென் துருவத்தை அடைந்தது, பனியில் செல்லப் பட்டைகள் பூட்டிய மூன்று பெர்குஸன் டிராக்டர்களில்தான். தரைவழியே துருவத்தை அடைந்த முதல் மோட்டார் வாகனங்கள் அவையே.

கொட்டகைக்குள்

துருவேறிய பெர்கிக்கு வைத்தியம் செய்ய வந்தவர் முதலில் ஸ்பானரை எடுப்பதில்லை, கண்ணைத்தான் உபயோகிக்கிறார். தகட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து எந்த வருஷத்து யந்திரம் என்று தெரிந்துகொள்கிறார். பிறகு எஞ்சினின் பக்கங்களில் வெடிப்பு இருக்கிறதா என்று தேடுகிறார். குளிர் தேசங்களில், தண்ணீரை வடிக்காமல் விட்டுவிட்டால், அது உறைந்து பருத்து இரும்பையே பிளந்துவிடும்.

வெடிப்பு இல்லையென்றால் பாதிக் கவலை தீர்ந்தது. பல வருஷம் அசையாமல் கிடந்த பிஸ்டன்கள் ஸிலிண்டரோடு ஒட்டிப்போயிருக்கும். அவசரக்காரர் சம்மட்டியை எடுத்தால் காரியம் கெட்டது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அத்துவாரங்களில் மெல்லிய எண்ணெயை ஊற்றிவிட்டுப் பொறுமையாய்க் காத்திருக்க வேண்டும். பல நாள் சென்றபின் முன்னும் பின்னுமாய் மெதுவாக அசைத்துப் பார்த்தால், ஒரு நாள் 'கடக்' என்று சிறு சப்தம் கேட்கும். அந்தச் சப்தத்துக்கு ஈடான சங்கீதம் இல்லையென்பது இப்பித்தர்களின் அபிப்பிராயம்.

ஸிலிண்டர் தேய்ந்திருந்தாலும் பயமில்லை. 1948 முதல் பெர்கியில் பொருத்தப்பட்ட ஸ்டாண்டர்டு எஞ்சினில், ஸிலிண்டர் என்பது தண்ணீர் சூழ நிற்கும் தனி உறை. பழைய உறையை உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம். இந்த எஞ்சினின் நெருங்கிய உறவினமே ஸ்டாண்டர்டு வான்கார்டு காரிலும் இருந்தது. அந்தக் கார் 1950-களில் சென்னையருகே ஒன்றுசேர்க்கப்பட்டு நம் வீதிகளிலும் ஓடியதைப் பெரியவர்கள் சிலர் நினைவுகூரலாம்.

கிளட்ச் கெட்டிருந்தால் கதை சற்று நீளும். பெர்கிக்குத் தனிச் சட்டம் கிடையாது. எஞ்சினும் கியர்ப் பெட்டியுமே அதன் முதுகெலும்பு. ஆதலால் கனத்த மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து, டிராக்டரை நடுவில் இரண்டாகப் பிரிக்கவேண்டும். கலப்பையைத் தூக்கும் கரங்கள் தூக்க மறுத்தால், பெரும்பாலும் குற்றவாளி அழுக்கேறிய எண்ணெய்தான். கியர்ப் பெட்டிக்கும் பம்புக்கும் ஒரே எண்ணெய் பொதுவானதால், ஒன்றின் அழுக்கு மற்றதற்கும் போகும்.

இந்தக் கஷ்டங்களுக்கு நடுவே, யந்திரத்தை வகுத்தவரின் நல்லெண்ணம் அடிக்கடி வெளிப்படுகிறது. கியர்க் கம்பியை ஒரு தனி நிலைக்குத் தள்ளினால்தான் எஞ்சின் கிளம்பும். ஆகவே கியரில் இருக்கையில் திடீரென்று பாய்ந்து ஆளைக் கொல்லாது. டிராக்டருடன் கொடுக்கப்பட்ட ஸ்பானரில் அங்குலக் கோடுகள் பொறித்திருந்தார்கள். குடியானவர் அதையே அளவுகோலாய் வைத்துக் கலப்பையைச் சரிசெய்துகொள்ளலாம். பட்டணத்து மெக்கானிக்கை எதிர்பாராமல் உழவரே பேணிக்கொள்ள வேண்டுமென்ற நோக்கம் அதில் தெரிகிறது. அதன் பலனாக, கடைசிப் பெர்கி வெளிவந்து எழுபது வருஷமான பின்னும், அதற்கு உதிரிச் சாமான்கள் புதிதாய்ச் செய்து விற்கப்படுகின்றன.

எஜமானன் யார்?

யந்திரம் என்றாலே காந்தியடிகள் விரோதி என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. 1929-இல் அகில பாரத சர்க்கா சங்கம், மேலான கைராட்டை செய்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. விலை 150 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. தக்கபடி பராமரித்தால் இருபது வருஷம் உழைக்க வேண்டும். வருஷந்தோறும் உறுப்புகள் மாற்றும் செலவு விலையில் நூற்றுக்கு ஐந்துக்கு மிகக் கூடாது என்பவை அதன் நிபந்தனைகளில் சில. எவ்வளவு நூல் நூற்கும் என்று கேட்டதோடு நில்லாமல், பழுதானால் ஏழையின் கதி என்ன என்றும் கேட்ட அறிவிப்பு அது.

அந்தக் கேள்வி இன்று உலகம் முழுவதும் எழுந்திருக்கிறது. புதிய டிராக்டர்கள் சிலவற்றில் எஞ்சினை ஆளுவது கம்ப்யூட்டர். கோளாறு என்னவென்று அறியவே கம்பெனியின் பிரத்தியேகக் கருவி வேண்டியிருக்கிறது. விதைப்புக் காலத்தில் யந்திரம் நின்றால், கம்பெனி ஆள் வரும்வரை உழவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான். இதை எதிர்த்து அமெரிக்க விவசாயிகள் கிளர்ச்சி செய்ததன் பலனாக, கொலராடோ மாகாணம் 2023-இல் விவசாய யந்திரங்களைப் பழுதுபார்க்கும் உரிமையைச் சட்டமாக்கியது. நம் மத்திய சர்க்காரும் 2022-இல் இவ்வுரிமையை ஆராய ஒரு கமிட்டி நியமித்து, அதன் ஆராய்ச்சியில் விவசாயக் கருவிகளையும் சேர்த்தது.

நமக்கு இது தூரத்து விவகாரமன்று. 1960-இல் சென்னையில் தோன்றிய டாபே கம்பெனி, பெர்குஸனின் வாரிசான மாஸி பெர்குஸனுடன் கூடியே டிராக்டர் செய்யத் தொடங்கியது. தஞ்சை வயலில் இன்று ஓடும் டிராக்டர் எந்தக் கம்பெனியுடையதாயினும், அதன் பின்புறம் பெர்குஸனின் மூன்று கரங்களைக் காணலாம். 2015-16 கணக்கின்படி நம் நாட்டு உழவரின் சராசரி நிலம் 1.08 ஹெக்டேர். இவ்வளவு சிறு நிலத்தை வைத்திருப்பவருக்கு, பருவத்தில் ஒரு வாரம் யந்திரம் நின்றுபோவது சாதாரண நஷ்டமன்று.

புதிய யந்திரங்கள் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பெர்கிக்குக் குறைகளும் உண்டு. கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டம் அதில் இல்லை. அதைப் புதுப்பித்து ஓட்டுகிறவர்கள் சரிவுகளில் மிகுந்த ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். ஆனால் யந்திரம் வாங்கும்போது, "எத்தனை குதிரை சக்தி?" என்று கேட்பதோடு, "இதை எங்கள் ஊர்ப் பட்டறையில் பழுதுபார்க்க முடியுமா?" என்றும் நாம் கேட்கப் பழக வேண்டும். பலர் கேட்டால் விற்பவர்கள் பதில் சொல்லித்தான் தீரவேண்டும்.

வருஷந்தோறும் ஆயுத பூஜையன்று நம் வீடுகளில் கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். இந்த வருஷம் மறுநாள் விஜயதசமியன்று, வீட்டுப் பிள்ளைகளிடமும் பெண்களிடமும் ஒரு திருப்புளியைக் கொடுத்து, ஓடாத பழைய கடிகாரத்தையோ தையல் யந்திரத்தையோ பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாரம்பத்துக்கு அதுவும் ஏற்ற பாடந்தான்.