எழுத்து ஓடும் திரை - 14: எது கடைசி எபிசோடு?

மெகா சீரியல் முடிகிறதென்றால் கல்யாணம் நடக்கும், வில்லி திருந்துவாள், குடும்பமே வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும். பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித்தரும் கார்ட்டூன் எதைக் காட்டி முடிவது? அமெரிக்காவின் பிபிஎஸ் தொலைக்காட்சியில் 2007இல் தொடங்கிய ‘சூப்பர் ஒய்’, நூறு எபிசோடுகளைத் தாண்டி 2016இல் நின்றது. கதைக்குள் நுழையும் சிறுவர்கள் எழுத்துகளைத் தேடிச் சேர்ப்பார்கள். வாக்கியத்தில் ஒரு சொல்லை மாற்றிப் போட்டால் கதையே திசை மாறும். ஆங்கிலத்துக்கு 26 எழுத்துதான். நூறு எபிசோடில் ஒவ்வொன்றும் பலமுறை வந்துபோகும்.

நமக்கு அந்தக் கணக்கு சரிப்படாது. வாரத்துக்கு ஓர் எழுத்து என்றால் 247 எழுத்துக்கு ஏறக்குறைய நாலே முக்கால் வருஷம். ஒன்றாம் வகுப்பில் பார்க்க உட்கார்ந்த பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போதுதான் தொடரும் முடியும்!

வேறொரு வழி பக்கத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவில் படித்தபோது ஸ்பானிஷ் படம் ஒன்றைப் பார்த்த பிரிஜ் கோத்தாரிக்கு, கீழே ஓடும் வரிகளும் ஸ்பானிஷிலேயே இருந்தால் மொழி பழகுமே என்று தோன்றியது. அகமதாபாத் ஐஐஎம்மில் அது ஆய்வாக வளர்ந்து, தூர்தர்ஷனின் சினிமாப் பாட்டுகளுக்கு அதே மொழியில் வரி ஓடும் அளவுக்குப் போனது. 2004இல் உருவான அவரது புக்பாக்ஸ், தமிழ் உட்படப் பல மொழிகளில் அனிமேஷன் கதைகளைத் தருகிறது. குரல் சொல்லச் சொல்ல, கீழே அந்தந்தச் சொல் நிறம் மாறும்.

தமிழில் இதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். ‘கொக்கு’ என்பதில் கொம்பு முன்னால், ககரம் நடுவில், கால் பின்னால். காதில் விழுவதோ ஒரே ‘கொ’. நிறம் துண்டு துண்டாக ஊர்ந்தால் பிள்ளை தடுமாறும். சொல் முழுவதும் ஒரே வீச்சில் மாறுவதே நல்லது என்பேன்.

ஆனால் இந்த உத்தி, காது ஏற்கெனவே அறிந்த மொழிக்குத்தான் பலன் தரும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் ஒடியா அல்லது இந்தி. திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். சீசன் முடிந்ததும் மூட்டை கட்டிவிடுவார்கள். இருபதாவது எபிசோடில் சூளை நின்றால், அந்தப் பிள்ளைக்கு அதுதான் கடைசி எபிசோடு. தயாரிப்பாளர் திட்டமிட்ட நூறாவதை அது பார்க்கப்போவதில்லை.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிக்கவும் கணக்குப் போடவும் சொல்லித்தரும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை முதலமைச்சர் ஸ்டாலின் 2022 ஜூன் 13 அன்று தொடங்கிவைத்தது இதே மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்தான். அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள். பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதை விட அதற்கு எவ்வளவு தெரியும் என்பதே கணக்கு. கார்ட்டூனுக்கும் இதையே கேட்கிறேன். எந்த எபிசோடிலும் நுழையலாம், எதிலும் இறங்கிக்கொள்ளலாம் என்று இருக்கட்டும். ஒரே கதையை முதலில் ஒடியாவில் கேட்கட்டும், பிறகு தமிழில். ஒவ்வொன்றின் கடைசி நிமிடத்திலும் குரலை நிறுத்தி, நிறத்தையும் எடுத்துவிட்டு, ஒரு வரியை மட்டும் திரையில் விட்டுவையுங்கள். ‘சத்தம் இல்லையென்றால் சேனலை மாற்றிவிடுவார்களே’ என்பார்கள். பத்து விநாடிதானே, விட்டுப் பாருங்கள்.

(தொடரும்)