நெறி கட்டுவது ஏன்?

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். புண் ஓரிடம், வீக்கம் வேறிடம். இரண்டையும் இணைப்பது நிணநீர்.

ரத்தத் தந்துகிகளின் மெல்லிய சுவர் வழியே நீர் ஓயாமல் கசிகிறது. உயிரணுக்கள் அதில் நனைந்தே உணவையும் ஆக்சிஜனையும் பெறுகின்றன. இப்படிக் கசிந்ததில் நாளொன்றுக்குச் சில லிட்டர், கூடவே வெளியேறிய புரதத்தோடு, நிணநீர் நாளங்கள் வழியாகவே ரத்தத்துக்குத் திரும்புகிறது. உடலிலுள்ள மொத்த ரத்தமே சுமார் 5 லிட்டர்தான். இந்த வழி அடைபட்டால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

நாளத்தின் தொடக்க முனை மூடியிருக்கும். அதன் சுவரில் உயிரணுக்கள் கூரை ஓடுகளைப் போல ஒன்றின் விளிம்பில் ஒன்று ஏறி நிற்கும். வெளியே நீர் சேர்ந்தால் விளிம்பு உள்பக்கம் விலகி வழிவிடும். உள்ளே நிறைந்ததும் மூடிக்கொள்ளும். இந்த நீரை இதயம் தள்ளுவதில்லை. பெரிய நாளங்கள் தாமே சுருங்கி நகர்த்துகின்றன. நடையும் மூச்சும் உதவுகின்றன. நீர் பின்வாங்காமல் வால்வுகள் தடுக்கின்றன. வழியில் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு என நிணநீர்க் கணுக்கள் காத்திருக்கின்றன. கிருமி வந்தால் அங்கே வெள்ளையணுக்கள் பெருகிப் போராடும். நெறி கட்டுவது அதனால்தான்.

குடலில் நிணநீருக்கு இன்னொரு வேலை: உணவின் கொழுப்பைச் சுமப்பது. 1622இல் இத்தாலிய மருத்துவர் காஸ்பாரே அசெல்லி, உணவுண்ட நாயொன்றின் வயிற்றைத் திறந்தபோது வெள்ளை இழைகளைக் கண்டார். நரம்பென்று எண்ணி ஒன்றை வெட்டினார். பால் போன்ற திரவம் வழிந்தது. கொழுப்பு கலந்த நிணநீர் அது.

நிணநீரின் வழி கெட்டால் வருவது யானைக்கால். அந்த நோய் என்றாலே கும்பகோணத்தைச் சொன்ன காலம் உண்டு. அதற்குக் காரணமான, க்யூலெக்ஸ் கொசு பரப்பும் நூல் போன்ற புழு, நிணநீர் நாளத்துக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும். அதன் குஞ்சுகள் இரவில்தான் ரத்தத்தில் அதிகம் திரியும். சுகாதாரப் பணியாளர்கள் ராத்திரியில் வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்தது அதற்காகத்தான். நாளங்கள் விரிந்து, வால்வுகள் செயலிழந்து, நீர் தேங்குகிறது. தேங்கிய காலில் சிறு வெடிப்பு வழியே பாக்டீரியா நுழையும்போதெல்லாம் காய்ச்சலும் வலியும் வரும். தோல் மேலும் தடிக்கும்.

மாத்திரை புழுவின் பரவலைத் தடுக்கும், ஆனால் சிதைந்த நாளத்தைச் சீராக்காது. ஏற்கெனவே வீங்கிய காலுக்கு வேண்டியது அன்றாடப் பராமரிப்பு: சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, உட்காரும்போது காலை உயர்த்தி வைத்து, புண்ணுக்கு உடனே மருந்திட வேண்டும். இதைத் தவறாமல் செய்பவர்களுக்குக் காய்ச்சல் வருவது வெகுவாகக் குறைகிறது.