குவார்ட்டர்பேக்கைத் தெரிந்து தெளிதல்

ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏப்ரல் மாத இறுதியில் விந்தையான நிகழ்ச்சி ஒன்று நடைபெறுகிறது. அந்நாட்டின் தொழில்முறைக் காற்பந்து அணிகள் 32-ம், கல்லூரிகளில் ஆடித் தேர்ந்த இளைஞர்களை ஒருவர்பின் ஒருவராகப் பெயர் சொல்லித் தமக்கென எடுத்துக்கொள்கின்றன. இதனை டிராப்ட் என்பர். தமிழில் ஆள் தெரிவு எனலாம். முந்திய ஆண்டில் மிகுதியாகத் தோற்ற அணிக்கு முதல் உரிமை; வாகை சூடிய அணிக்குக் கடைசி இடம். இவ்வாறு ஏழு சுற்றுகள் நடக்கும். அணிகள் தம் முறையை ஒன்றோடொன்று பண்டமாற்றுச் செய்துகொள்வதும் உண்டு. பிலடெல்பியா அணியின் உரிமையாளராக இருந்த பெர்ட் பெல் 1935 ஆம் ஆண்டில் இம்முறையை முன்மொழிந்தார். 1936 பிப்ரவரியில் முதல் தெரிவு நடந்தது. வலுத்த அணிகளே நல்ல ஆட்டக்காரரை எல்லாம் வாரிக்கொள்ளாதபடி, மெலிந்தவர்க்கு முதற்பங்கு தருவதே இதன் நோக்கம். அந்த முதல் தெரிவில் முதற்பெயராக அழைக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் என்பவர் தொழில்முறை ஆட்டம் ஒன்றேனும் ஆடாமலே வேறு தொழிலுக்குப் போய்விட்டார். பின்னால் வரவிருந்த ஏமாற்றங்களுக்கு அஃது ஒரு முன்னறிவிப்புப் போலும்!

தெரிவுகளிலெல்லாம் கடினமானது குவார்ட்டர்பேக் என்னும் ஒருவரைத் தெரிவதாகும். ஏன் என்பதை விளங்கிக்கொள்ள ஆட்டத்தைச் சற்று அறிதல் வேண்டும்.

காற்பந்து என்றவுடன் இந்நாட்டு வாசகர் உருண்டைப் பந்தையும் வலைக்கம்பங்களையும் நினைப்பர். அமெரிக்கர் அப்பெயரால் வழங்குவது ரக்பியின் வழித்தோன்றலான வேறோர் ஆட்டம். பந்து இருமுனையும் கூர்த்த நீளுருவினது. கையில் ஏந்தி ஓடவும் எறியவும் படுவது. பக்கத்துக்குப் பதினொருவர். பந்தை உடைய அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜமேனும் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சி கிடைக்கும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சியும், நடுவில் குனிந்து நிற்பவர் தம் கால்களுக்கு இடையே பந்தைப் பின்னுக்குத் தருவதில் தொடங்குகிறது. அதைப் பெற்றுக்கொள்பவரே குவார்ட்டர்பேக்.

பந்து கைக்கு வருமுன்னரே அவர் வேலை தொடங்கிவிடுகிறது. இன்ன முயற்சி என்று பயிற்றுநர் வானொலி வழியாக அவர் தலைக்கவசத்துக்குள் சொல்வார். ஆட்டக் கடிகாரத்தில் 15 விநாடி எஞ்சியிருக்கும்போது அந்தக் குரல் நின்றுவிடும். அதன்பின் அவர் தனி ஆள். எதிரே நிற்கும் பதினொருவரின் நிலையைப் பார்த்து, யார் பாய்வர், யார் பின்வாங்குவர் என்று கணிக்க வேண்டும். எதிரிகளோ வேண்டுமென்றே ஓரிடத்தில் நின்று வேறிடத்துக்கு ஓடி ஏமாற்றுவர். பந்து வந்தபின் கிடைப்பது ஏறத்தாழ மூன்று விநாடி. அதற்குள் முதல் தோழர் தடைபட்டிருக்கிறாரா, இரண்டாமவர் விடுபட்டாரா, மூன்றாமவர் எங்கே என்று வரிசையாக நோக்கி, தோழர் இப்போது இருக்கும் இடத்துக்கு அன்று, இனிப் போய்ச் சேரும் இடத்துக்குப் பந்தை எறிய வேண்டும். இவ்வளவும் செய்யும்போது மிகுந்த எடையுள்ள ஆடவர் பலர் அவரை வீழ்த்த ஓடி வந்துகொண்டிருப்பர்!

இந்த மூன்று விநாடியைத் தேர்வு மண்டபத்தில் உண்டாக்க முடியாது. இத்துறையின் தொல்லைகள் அனைத்துக்கும் வேர் இதுவே.

உண்டாக்க முடியாததால், உண்டாக்கக் கூடியவற்றை அளக்கிறார்கள். 1987 முதல் இண்டியானாபோலிஸ் நகரில் தெரிவுக்குச் சில வாரங்களுக்கு முன் இளைஞர்களைக் கூட்டிச் சோதிக்கும் வழக்கம் இருந்து வருகிறது. உயரம், எடை, 40 கஜ ஓட்டம், தாவும் உயரம் ஆகியவற்றைக் குறிக்கின்றனர். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை, அதாவது நம்மவர் சாண் என்னும் அளவையும், விடாமல் அளக்கின்றனர். சிறுத்த கை ஈரப் பந்தை நழுவவிடும் என்பது எண்ணம். மருத்துவர் மூட்டு மூட்டாகப் பார்க்கிறார். பயிற்றுநர்கள் தனியறையில் அமர்த்திக் கரும்பலகையில் ஆட்டத்தை வரையச் சொல்கின்றனர். 12 நிமிடத்தில் 50 வினாக்களுக்கு விடை கேட்கும் வொண்டர்லிக் என்னும் அறிவுத்தேர்வும் நெடுங்காலம் நடந்து, 2022 ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. தொழிலுக்கு ஆள் எடுப்பதற்கென்று ஆக்கப்பட்ட அத்தேர்வு, நிதானமாய் நாற்காலியில் அமர்ந்து சிந்திப்பதை அளந்ததேயன்றி, இடிபட்டுக்கொண்டே சிந்திப்பதை அளக்கவில்லை. இவை எல்லாவற்றிலும் மேலானது, கல்லூரி ஆட்டங்களின் படச்சுருளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது. உழைப்பும் மிகுதி, பயனும் மிகுதி. ஆயின் செய்தித்தாளில் தலைப்பாவது 40 கஜ ஓட்டந்தான்.

1998 ஆம் ஆண்டில் இரண்டு பெயர்கள் அடிபட்டன. ஒருவர் டென்னசிப் பல்கலைக்கழகத்துப் பெய்டன் மானிங். குவார்ட்டர்பேக்காக விளங்கிய தந்தைக்குப் பிறந்தவர். மற்றவர் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்து ரயன் லீஃப், வலிய தோளினர். இருவரில் யார் மேல் என்று வல்லுநர் இரு கட்சியாகப் பிரிந்தனர். இண்டியானாபோலிஸ் முதல் இடத்தில் மானிங்கை எடுத்தது. சான் டியேகோ அணி மூன்றாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு ஏறுவதற்காக, வருங்காலத் தெரிவுகளையும் ஆட்டக்காரர் இருவரையும் கொடுத்து லீஃபைப் பெற்றது. லீஃப் தம் ஆட்ட வாழ்வில் எறிந்தவற்றுள் 14 மட்டுமே டச்டவுன் என்னும் எல்லைகடந்த வெற்றியாயின; 36 பந்துகளை எதிரிகள் பிடித்துக்கொண்டனர். 2002-க்குள் அவர் ஆட்டம் முடிந்தது. மானிங்கோ ஐந்து முறை ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரரெனப் பரிசு பெற்றார்.

இக்கதையைச் சொல்வோர் ஒன்றை விட்டுவிடுவர். முதலாண்டில் மானிங் எறிந்தவற்றுள் 28 பந்துகள் எதிரிகளின் கையில் விழுந்தன. புதியவர் எவரும் அதுவரை அத்தனை இழந்ததில்லை. அவருடைய அணி அவ்வாண்டு 16 ஆட்டங்களில் மூன்றே வென்றது. லீஃபின் அணி ஐந்து வென்றது! அன்று பதிவேட்டை மட்டும் பார்த்துத் தீர்ப்பெழுதியிருந்தால் அத்தீர்ப்பு என்னவாகியிருக்கும்? மானிங்கை ஆடவிட்டுப் பிழை செய்யவும், பிழையிலிருந்து கற்கவும் அவருடைய அணி இடங்கொடுத்தது.

இரண்டு ஆண்டு கழித்து மிச்சிகன் பல்கலைக்கழகத்து டாம் பிரேடி வந்தார். 40 கஜத்தை 5.28 விநாடியில் ஓடினார், ஒல்லியான உடம்பு. கல்லூரியிலேயே கடைசி ஆண்டில் இளையவர் ஒருவரோடு தம் இடத்தைப் பங்கிட்டுக்கொள்ள நேர்ந்தது. சொந்தப் பயிற்றுநருக்கே ஐயம் என்றால் பிறர் எப்படி நம்புவர்? குவார்ட்டர்பேக் அறுவர் எடுக்கப்பட்ட பின்னர், ஆறாம் சுற்றில் 199 ஆம் ஆளாக நியூ இங்கிலாந்து அவரை எடுத்தது. பின்னர் ஏழு முறை சூப்பர் பௌல் என்னும் இறுதிப் போட்டியை வென்ற அணியில் அவர் இருந்தார். இதைக் குருட்டு நற்பேறு என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் சான்று இல்லாமல் இல்லை. 2000 ஜனவரியில் அலபாமாவுடன் ஆடிய தம் கடைசிக் கல்லூரி ஆட்டத்தில், இருமுறை 14 புள்ளி பின்தங்கிய பிறகும் பதறாமல் நான்கு டச்டவுன் எறிந்து, 35-க்கு 34 என்று வென்றார். படச்சுருள் எல்லோரிடமும் இருந்தது. ஓட்ட அட்டவணையும் எல்லோரிடமும் இருந்தது. பலர் இரண்டாவதையே நம்பினர்.

அதற்காக அளவை எல்லாம் வீண் என்பது மிகையாகும். கல்லூரி ஆட்டமும் முழு உண்மையைச் சொல்வதில்லை. அங்கே வலிய அணிகளின் தோழர்கள் எதிரிகளை விட்டு விலகிக் கையசைத்து நிற்பர், எவரும் எறியலாம். நலிந்த அணியின் ஆட்டக்காரனோ நன்றாக எறிந்தும் தோழர் நழுவவிடுவதால் எண்ணிக்கையில் தாழ்ந்து நிற்பான். ஜோ பர்ரோ என்பவர் லூயிசியானாவில் 2018-இல் 16 டச்டவுன் எறிந்தார். அடுத்த ஆண்டு அதே கல்லூரியில் 60! ஆள் ஒருவரே, ஆட்டமுறை மாறிற்று, தோழர்கள் முதிர்ந்தனர், அவரும் வளர்ந்தார். இம்மூன்றில் எது எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல வல்லார் யார்? அவர் சாண் 9 அங்குலமே என்று 2020-இல் பலர் முணுமுணுத்தனர். சின்சினாட்டி அதைப் பொருட்படுத்தாமல் அவரை முதலாமவராக எடுத்தது. இரண்டாம் ஆண்டிலேயே இறுதிப் போட்டியில் நின்றது.

பொருளியலறிஞரும் இதில் புகுந்தனர். கேட் மாஸ்ஸி, ரிச்சர்டு தேலர் இருவரும் எல்லா நிலை ஆட்டக்காரரையும் ஆராய்ந்தனர். ஒரே நிலையில் அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இருவருள் முந்தியவரே பிந்தியவரினும் சிறந்தவராவது நூற்றுக்கு 52 முறைதான் என்று கண்டனர். நாணயத்தைச் சுண்டினாலே 50 கிடைக்குமன்றோ? டேவிட் பெர்ரி, ராப் சிம்மன்ஸ் என்போர் குவார்ட்டர்பேக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு 2011-இல் எழுதினர். உயரம், ஓட்டம், அறிவுத்தேர்வு ஆகியவை தெரிவு வரிசையைப் பாதிக்கின்றன. ஆயின் பின்னர்க் களத்தில் ஆடும் திறத்தோடு அவற்றுக்குத் தொடர்பு காணவில்லை என்றனர். இம்முடிவை அப்படியே விழுங்கிவிடுதல் ஆகாது. பிந்தி எடுக்கப்பட்டோரில் பெரும்பாலோர் களத்தையே காண்பதில்லை. கண்டவர் சிலர் நன்கு ஆடியமையால்தான் கண்டனர். இவர்களை மட்டும் கணக்கில் சேர்ப்பது, இடையில் நின்றுவிட்ட பிள்ளைகளை விட்டுவிட்டு, தேர்வு எழுதியவரை மட்டும் வைத்துப் பள்ளியின் தேர்ச்சி வீதத்தைப் போடுவது போன்றது. அந்தக் கணக்கின் இனிமையை ஆசிரியர்கள் நன்கு அறிவர்!

ஆளை அறிதல் பாதி வேலை. மறுபாதி, அவர் போய்ச் சேரும் இடம். வள்ளுவர் தெரிந்து தெளிதலை ஓர் அதிகாரமாகவும், தெரிந்து வினையாடலை அடுத்த அதிகாரமாகவும் பிரித்து வைத்தார். அமெரிக்க அணிகள் பல, முன்னதற்கு ஓராண்டு பாடுபட்டுப் பின்னதை மறந்துவிடுகின்றன.

2018 ஆம் ஆண்டுத் தெரிவு இதற்குச் சான்று. முதல் சுற்றில் குவார்ட்டர்பேக் ஐவர். முதலாமவர் பேக்கர் மேஃபீல்டு கிளீவ்லாந்தில் சில ஆண்டு ஆடி, வேறிடங்களில் அலைந்து, 2023-இல் டாம்பாவில் மீண்டும் தழைத்தார். மூன்றாமவர் சாம் டார்னால்டு 21 வயதில் நியூயார்க் ஜெட்ஸ் அணியின் முதல் ஆட்டத்திலேயே களமிறக்கப்பட்டுத் தோல்வியில் உழன்று, 2021-இல் அனுப்பப்பட்டார். அவரே 2024-இல் மின்னசோட்டாவில் 17 ஆட்டங்களில் 14 வென்றார். பத்தாமவர் ஜாஷ் ரோசனை அரிசோனா ஒரே ஆண்டில் கைவிட்டது. ஏழாமவர் ஜாஷ் ஆலன் கல்லூரியில் எறிந்தவற்றில் தோழரைச் சேர்ந்தவை நூற்றுக்கு 56 அளவே. குறி தப்புபவர் என்று எள்ளினர். பஃபலோ அணி அவருக்கேற்பத் தோழரையும் ஆட்டமுறையையும் அமைத்தது. 2020-இல் அது 69 ஆயிற்று. ஐவருள் கடையராக, 32 ஆம் ஆளாக எடுக்கப்பட்டவர் லமார் ஜாக்சன். இவர் எறிவதை விட்டுவிட்டுப் பந்து பிடிப்பவராக மாறலாமே என்று அறிவுரை கூறியோரும் இருந்தனர். பால்டிமோர் அணி அவர் கால்வேகத்தைச் சுற்றியே ஆட்டத்தை வகுத்தது. 2019-இல் ஆண்டின் தலைசிறந்தவர் அவரே.

பேட்ரிக் மஹோம்ஸின் வரலாறும் இவ்வகையினதே. கான்சாஸ் சிட்டி 2017-இல் 27 ஆம் இடத்திலிருந்து 10 ஆம் இடத்துக்கு ஏறி அவரை எடுத்தது. எடுத்தபின் முதிர்ந்த ஆட்டக்காரர் அலெக்ஸ் ஸ்மித்தின் அருகே ஓராண்டு உட்காரவைத்தது. அவ்வாண்டு அவர் ஆடியது ஓர் ஆட்டம். மறு ஆண்டு எறிந்த டச்டவுன் 50. காத்திருத்தல் எல்லாருக்கும் மருந்தாகும் என்று சொல்லிவிட முடியாது. உட்கார்ந்தே மறக்கப்பட்டவரும் பலர். ஆனால் காத்திருக்கவைக்கும் நெஞ்சுரம் எல்லா அணிக்கும் இல்லை. தோற்ற அணிக்கே முதல் உரிமை என்ற நியாயத்தில் ஒளிந்துள்ள கேடும் இதுதான்: மிகச் சிறந்தவனெனக் கருதப்படும் இளைஞன், பாதுகாக்கும் தோழர் இல்லாத, பயிற்றுநர் மாறிக்கொண்டே இருக்கும், பொறுமையிழந்த ஊருக்குப் போய்ச் சேருகிறான்.

பணமும் இதில் உண்டு. 2010-இல் முதலாமவராக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு உறுதியளிக்கப்பட்ட தொகை மட்டும் 5 கோடி டாலர். 2011 முதல் புதியவர் ஊதியத்துக்கு வரம்பு வந்தது. விலை குறையவே அணிகளுக்குத் துணிவு பெருகிற்று. 2021-இல் முதல் சுற்றில் ஐவர், 2024-இல் அறுவர்.

அந்த 2021-இல் சான் பிரான்சிஸ்கோ அணி மூன்றாம் இடத்துக்கு ஏறத் தன் முதல் சுற்றுத் தெரிவுகள் மூன்றைக் கொடுத்தது. எடுத்த இளைஞர் டிரே லான்ஸ்: வடக்கு டக்கோட்டாவில் 2019-இல் ஒரு முழு ஆண்டு ஆடி, ஒரு பந்தையும் எதிரிக்கு இழவாதவர், பெருந்தொற்று ஆண்டில் ஒரே ஆட்டம் ஆடியவர். பார்ப்பதற்கு எல்லாம் இருந்தது, ஆட்ட அனுபவம் ஒன்றைத் தவிர. 2022-இல் அதே அணி, ஏழாம் சுற்றின் கடைசியில், அவ்வாண்டு எடுக்கப்பட்ட 262 பேரில் 262 ஆம் ஆளாக புரோக் பர்டியை எடுத்தது. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டும் ஆடியவர். உயரமும் தோள்வலியும் சாமானியம். அவ்வாண்டின் இரண்டாம் ஆட்டத்தில் லான்ஸின் கணுக்கால் முறிந்தது. டிசம்பரில் அவர் இடத்தில் ஆடியவரும் காயமுற, பர்டி இறங்கினார். 2023 ஆகஸ்டில் அந்த அணி லான்ஸை டல்லஸுக்கு அனுப்பி, நான்காம் சுற்றுத் தெரிவு ஒன்றைப் பெற்றுக்கொண்டது. அடுத்த பிப்ரவரியில் பர்டியோடு இறுதிப் போட்டிக்குப் போய், மஹோம்ஸின் அணியிடம் தோற்றது.