யார் வீட்டுப் பிள்ளை? – 6
நான்காவது விடுதி

இங்கிலாந்தில் பெற்றோரிடம் இருக்க முடியாத பிள்ளைக்குக் கவுன்சில்தான் பெற்றோர் என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்தப் பெற்றோர் பிள்ளையை எத்தனை வீடு வேண்டுமானாலும் மாற்றலாமா? 1989-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் அதற்கு எண்ணிக்கை எதுவும் வைக்கவில்லை. சொந்த ஊருக்குப் பக்கத்தில் வை, படிப்பைக் குலைக்காதே, உடன்பிறந்தவர்களைப் பிரிக்காதே என்கிறது. கூடவே ‘நடைமுறையில் இயன்றவரை’ என்று ஒரு வால். கவுன்சில்கள் அந்த வாலைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கின்றன.

கவிஞர் லெம் சிசே 1967-ல் பிறந்தவர். எத்தியோப்பியாவிலிருந்து படிக்க வந்த தாய், தத்துக் கொடுக்கும் தாளில் கையெழுத்துப் போட மறுத்தார். ஆனாலும் விகன் கவுன்சில் பிள்ளையை ஒரு வெள்ளையர் குடும்பத்தில் வளர்க்க விட்டது. நார்மன் என்று பெயர் வைத்தவர் சமூகப் பணியாளர். அது அவருடைய சொந்தப் பெயர்! பையனும் அந்த வீட்டாரையே அம்மா அப்பா என்று நம்பி வளர்ந்தான். கேட்காமல் பிஸ்கட் டப்பாவில் கை விட்டதுகூடக் குற்றமாகப் பார்க்கப்பட்டது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். 12 வயதில் அவனைக் கவுன்சிலிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 18 வயதுக்குள் நான்கு விடுதிகள் பார்த்துவிட்டான்.

பல ஆண்டுகள் கேட்டு அலைந்தபின், 2015-ல் அவரைப் பற்றிக் கவுன்சில் வைத்திருந்த கோப்புகள் கைக்கு வந்தன. அவற்றை வைத்தே 2019-ல் ‘மை நேம் இஸ் வை’ என்ற தன்வரலாற்றை எழுதினார். மகனைத் திரும்பக் கேட்டு 1968-ல் தாய் எழுதிய கடிதம் கவுன்சிலிடமே கிடந்திருக்கிறது.

வீடு மாறிய எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், இந்தப் பையனின் முதல் 12 வருடத்துக்கு நூற்றுக்கு நூறு போட வேண்டியிருக்கும். எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். அதற்காக அதை ஒதுக்கிவிடவும் முடியாது. 2024 மார்ச் கணக்கில் இங்கிலாந்துக் கவுன்சில்களின் பொறுப்பில் 83,000-க்கு மேற்பட்ட பிள்ளைகள். அவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அந்த ஓராண்டிலேயே மூன்று அல்லது அதற்கும் மேற்பட்ட இருப்பிடங்கள்.

பிள்ளை அடங்கவில்லை, அதனால் மாற்றினோம் என்பார்கள். சில நேரம் உண்மைதான். ஆனால் வளர்ப்புப் பெற்றோர் தட்டுப்பாட்டில், வெள்ளிக்கிழமை சாயங்காலம் எந்த வீட்டில் கட்டில் காலியோ அங்கே பிள்ளை போகிறது. பொருத்தம் பார்க்க நேரமில்லை. விடுதிகளில் பெரும்பாலானவை தனியார் கையில். வீட்டு விலை மலிவான வடமேற்குப் பகுதியில் அவை குவிந்திருக்கின்றன. லண்டன் பிள்ளை பள்ளியையும் சிநேகிதர்களையும் விட்டுவிட்டு அங்கே போக வேண்டியதுதான். உடைமைகளைக் கறுப்புக் குப்பைப் பையில் திணித்து அனுப்பும் வழக்கமும் இன்னும் ஒழியவில்லை. ஒரு சூட்கேஸ் வாங்கித் தர எந்தக் கவுன்சிலுக்கு வக்கில்லை?

நல்லதும் நடந்திருக்கிறது. 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இரு தரப்பும் விரும்பினால் 18 வயதுக்குப் பிறகும் வளர்ப்புக் குடும்பத்தோடு 21 வரை இருக்கலாம். கவுன்சில் துணைநிற்க வேண்டும். விடுதியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தச் சட்டம் இந்த வசதியைத் தரவில்லை. 18 முடிந்ததும் அவர்கள் எங்கே போகிறார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)