பெரிய திரை வாங்கும் முன்: தொலைக்காட்சியின் அளவும் பார்க்கும் தூரமும்

பண்டிகைக் காலம் நெருங்கும்போதெல்லாம் எங்கள் கண் சிகிச்சைப் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. "புது டிவி வாங்கப் போகிறோம் டாக்டர். எத்தனை இன்ச் வாங்கலாம்? எவ்வளவு தூரத்தில் உட்கார வேண்டும்?" கடைக்காரரிடம் கேட்க வேண்டியதை மருத்துவரிடம் கேட்கிறோமோ என்ற தயக்கத்துடனேயே பலர் இதைக் கேட்கின்றனர். தயங்க வேண்டியதில்லை. இக்கேள்விக்குப் பின்னால் சில வேளைகளில் ஒரு நோய் மறைந்திருக்கிறது என்பதை நாங்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறோம்.

எழுபது வயதைக் கடந்த ஒருவரை அவருடைய மகன் அழைத்து வந்திருந்தார். நாள்தோறும் மாலையில் செய்தி பார்ப்பது அப்பெரியவரின் வழக்கம். 32 அங்குலத் திரையின் அடியில் ஓடும் செய்தி வரி தெரியவில்லை என்று அவர் சொன்னதும், மகன் 43 அங்குலத் திரை வாங்கித் தந்தார். சில மாதங்களில் அதிலும் எழுத்து மங்கியது. அடுத்து 55 அங்குலம் வந்தது. அதுவும் தெளிவாக இல்லை என்றபோது பழுது பார்ப்பவரை அழைத்தனர். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "டிவி நன்றாகத்தான் இருக்கிறது. ஐயாவுக்குக் கண்ணைக் காட்டுங்கள்" என்றாராம்.

பரிசோதித்தபோது இரு கண்களிலும் முற்றிய கண்புரை இருந்தது. அது மட்டுமன்றி, வலது கண்ணின் விழித்திரையில் சர்க்கரை நோயின் பாதிப்பும் இருந்தது. புரையை நீக்கியதால் பார்வை பெருமளவு திரும்பியது. ஆனால் விழித்திரையில் ஏற்பட்ட சேதத்தை முழுவதும் சரிசெய்ய இயலவில்லை. இரண்டு புதிய பெட்டிகள் வாங்கிய இடைவெளியில் இரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. அந்த மகன் தந்தையின் மீது கொண்ட அன்பில் குறை ஏதும் இல்லை. கண்ணில் இருந்த குறையைத் திரையின் குறையாக எடுத்துக்கொண்டதுதான் பிழை.

ஆகவே திரையைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்லும்போதே, திரை காட்டித் தரும் நோய்க்குறிகளையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறோம்.

அங்குலக் கணக்கு

43 அங்குலம் என்பது திரையின் அகலமன்று. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரையுள்ள குறுக்களவு. இன்றைய தட்டைத்திரைகளின் அகலமும் உயரமும் 16க்கு 9 என்ற விகிதத்தில் அமைந்தவை. எனவே 43 அங்குலத் திரை ஏறத்தாழ 95 செ.மீ. அகலமும் 54 செ.மீ. உயரமும் கொண்டிருக்கும். 55 அங்குலத் திரை ஏறத்தாழ 122 செ.மீ. அகலமும் 68 செ.மீ. உயரமும் கொண்டிருக்கும்.

வீட்டில் முதலில் அளக்க வேண்டியது சுவரை அன்று. நீங்கள் வழக்கமாக அமரும் இடத்திலிருந்து திரை வரவிருக்கும் இடம் வரையுள்ள தூரத்தை. திரையின் குறுக்களவைப்போல் ஒன்றரை மடங்கு முதல் இரண்டரை மடங்கு வரையுள்ள தூரம் பெரும்பாலோருக்கு இதமாக இருக்கும். அதன்படி:

32 அங்குலம்: 4 முதல் 6½ அடி வரை
43 அங்குலம்: 5½ முதல் 9 அடி வரை
50 அங்குலம்: 6¼ முதல் 10½ அடி வரை
55 அங்குலம்: 7 முதல் 11½ அடி வரை
65 அங்குலம்: 8 முதல் 13½ அடி வரை

பத்தடிக்குப் பத்தடி அறையில் நாற்காலிக்கும் சுவருக்கும் இடையே பெரும்பாலும் ஏழு, எட்டு அடிதான் கிடைக்கும். அங்கே 43 அங்குலம் போதுமானது. 50, 55 அங்குலமும் பொருந்தும். ஐயமிருந்தால், மேற்சொன்ன அளவில் செய்தித்தாள்களை ஒட்டிச் சுவரில் பொருத்தி, இரண்டு நாள் அதன் எதிரே அமர்ந்து பாருங்கள். கடையின் பெரிய கூடத்தில் சிறிதாகத் தோன்றும் திரை வீட்டில் எவ்வளவு பெரிதாகத் தோன்றும் என்பது விளங்கிவிடும்.

புள்ளிகளும் பார்வைக் கூர்மையும்

திரையில் தெரியும் படம் நுண்ணிய ஒளிப்புள்ளிகளால் ஆனது. ஃபுல் எச்.டி. எனப்படும் வகையில் அகலவாக்கில் 1920 புள்ளிகளும், 4கே வகையில் 3840 புள்ளிகளும் உள்ளன. குறைபாடற்ற கண், அதாவது நாங்கள் 6/6 என்று குறிக்கும் பார்வை, ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோண இடைவெளியைப் பிரித்தறியும். இக்கணக்கின்படி, 43 அங்குல ஃபுல் எச்.டி. திரையின் புள்ளிகள் ஏறத்தாழ ஐந்தரை அடிக்கு அப்பால் தனித்தனியே தெரிவதில்லை. 4கே திரையில் அது மூன்று அடிக்கும் குறைவு.

இதிலிருந்து தெரிவது என்னவென்றால், எட்டடி தொலைவில் அமர்ந்து 43 அங்குலத் திரையைப் பார்க்கும் ஒருவருக்கு 4கே என்பதற்காக மட்டும் கூடுதல் பணம் செலவிடுவதால் கண்ணுக்குப் பெரிய ஆதாயம் இல்லை. பார்வைக் கூர்மை குறைந்த முதியவருக்கு அந்த வேறுபாடு இன்னும் குறைவாகவே தெரியும். அவருக்கு அதைவிடப் பயன்படுவன மூன்று: எழுத்து பின்னணியிலிருந்து பளிச்செனப் பிரிந்து தெரியும் திரை, எதிரொளிப்புக் குறைந்த மேற்பரப்பு, தெளிவாகக் கேட்கும் ஒலி. குடும்பத்தார் பக்கவாட்டில் அமர்ந்து பார்க்கும் வீடாயின், கடையிலேயே ஓரமாக நின்று நிறம் வெளிறுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அருகில் அமர்ந்தால் கண் கெடுமா?

"பக்கத்தில் உட்காராதே, கண் கெட்டுவிடும்" என்று சொல்லாத வீடு இல்லை. இந்த அச்சத்திற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1967ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனையான சில வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளிலிருந்து அளவுக்கு மீறிய எக்ஸ் கதிர் கசிந்தது கண்டறியப்பட்டு, அடுத்த ஆண்டே அங்கு அதைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றப்பட்டது. அவை உயர் மின்னழுத்தத்தில் இயங்கிய குழாய்த் திரைகள். இன்றைய எல்.இ.டி., ஓ.எல்.இ.டி. தட்டைத்திரைகளில் அத்தகைய குழாய் இல்லை. எக்ஸ் கதிரும் இல்லை.

அருகில் அமர்வதால் விழித்திரை சேதமடைவதில்லை. ஆனால் குழந்தை ஏன் அருகில் செல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லோரும் அமரும் இடத்திலிருந்து பார்க்காமல் திரையருகே நகர்ந்துகொண்டே இருக்கும் குழந்தைக்குக் கிட்டப்பார்வை இருக்கக்கூடும். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதும், தலையைச் சாய்த்துப் பார்ப்பதும் அத்தகைய குறிகளே. அதட்டிப் பின்னால் அமர்த்துவதால் குறி மறையும், குறை மறையாது. அழைத்து வந்து பரிசோதியுங்கள்.

கண்ணின் உழைப்பை மட்டும் எண்ணினால், தொலைக்காட்சி கைப்பேசியைவிட இதமானது. எட்டடி தொலைவிலுள்ள திரையைப் பார்க்கக் கண் செலுத்தும் குவிய முயற்சி, ஓரடி தொலைவிலுள்ள கைப்பேசிக்குத் தேவைப்படுவதில் எட்டில் ஒரு பங்குதான். எனினும் நேரத்திற்கு வரம்பு வேண்டும். இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியுள்ளது. வெளியில், பகல் வெளிச்சத்தில் விளையாடும் நேரம் கிட்டப்பார்வை தோன்றுவதைத் தள்ளிப்போட உதவுகிறது.

ஒரு சாராருக்கு மட்டும் தூரம் உண்மையாகவே முக்கியம். மின்னும் ஒளியால் வலிப்பு தூண்டப்படும் இயல்புடையோர் இருட்டறையில், திரைக்கு மிக அருகில் அமர்ந்து பார்க்கக் கூடாது. 1997 டிசம்பரில் ஜப்பானில் போக்கிமான் தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் விரைந்து மின்னியபோது, ஏறக்குறைய 700 பேர் மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள்.

உயரமும் வெளிச்சமும்

சோபாவில் அமர்ந்தவரின் கண்கள் தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றரை அடி உயரத்தில் இருக்கும். திரையின் நடுப்பகுதி அந்த உயரத்திலோ சற்றுக் கீழேயோ இருப்பது நல்லது. பல வீடுகளில் திரையை ஆளுயரத்தில் மாட்டிவிடுகின்றனர். அண்ணாந்து பார்க்கும்போது கழுத்து வலிப்பதோடு, இமைகள் அகலத் திறப்பதால் கண்ணீர் விரைவில் ஆவியாகிக் கண் உலர்கிறது. எரிச்சலும் உறுத்தலும் தோன்றுகின்றன. படுக்கையில் சாய்ந்தபடியே பார்க்க வேண்டிய நோயாளிக்கு மட்டும் திரையைச் சற்று மேலே, கீழ்நோக்கிச் சாய்த்துப் பொருத்தலாம்.

சன்னலுக்கு நேர் எதிரே திரையை வைக்காதீர்கள். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுப் பார்க்கவும் வேண்டாம். திரைக்குப் பின்னாலோ பக்கத்திலோ மெல்லிய விளக்கொன்று எரியட்டும். கடையில் கவர்வதற்காக மிகுதியான ஒளியில் வைக்கப்பட்டிருக்கும் படத்தை வீட்டிற்கு வந்ததும் அமைப்பில் சென்று குறைத்துவிடுங்கள்.

தட்டைத்திரையின் அடிப்பாகம் ஒடுங்கியது. குழந்தை பிடித்து இழுத்தால் எளிதில் கவிழும். மேசைமீது வைப்பதாயின் சுவருடன் பட்டையால் இணைத்துக் கட்டுங்கள்.

கண்ணாடி அணிவோரும் அறுவை செய்துகொண்டோரும்

படிப்பதற்கென்று தந்த கண்ணாடியை அணிந்துகொண்டு தொலைக்காட்சி பார்த்து, "டிவி மங்கலாக இருக்கிறது" என்போர் உண்டு. அக்கண்ணாடி கையெட்டும் தூரத்திற்கானது. இருபார்வைக் கண்ணாடி அணிந்து, தலையணையில் சாய்ந்து காலடிப் பக்கமுள்ள திரையைப் பார்ப்போருக்கும் இதே நிலைதான்: பார்வை கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியே, அதாவது படிப்பதற்கான பகுதி வழியே செல்கிறது. நிமிர்ந்து அமர்ந்தால் மங்கல் நீங்கும். படுத்தே பார்க்க வேண்டியவர்கள் தூரப்பார்வைக்கு மட்டும் தனிக்கண்ணாடி செய்துகொள்ளலாம்.

கண்புரை அறுவைக்குப் பின் எப்போது தொலைக்காட்சி பார்க்கலாம் என்று உறவினர்கள் அஞ்சி அஞ்சிக் கேட்கின்றனர். கண் இதமாக இருந்தால் மறுநாளே பார்க்கலாம். பார்ப்பதால் காயத்திற்குத் தீங்கில்லை. கண்ணைக் கசக்குவதும் தண்ணீர் படுவதும்தான் ஆகாதவை. ஆனால் வலி, சிவப்பு, குறைந்துகொண்டே வரும் பார்வை ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் உடனே வாருங்கள்.

பெட்டியை மாற்றாமல் நாற்காலியை நகர்த்துங்கள்

சிகிச்சைக்குப் பின்னும் பார்வைக் குறைவு எஞ்சியுள்ளவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இதுதான். தூரத்தைப் பாதியாக்கினால் கண்ணில் விழும் உருவம் இரு மடங்காகும். எட்டடியிலிருந்து நான்கடிக்கு நகர்ந்து அமர்ந்தால், 43 அங்குலத் திரை 86 அங்குலத் திரைக்குச் சமம். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. "தாத்தா மறைக்கிறார்" என்று பேரப்பிள்ளைகள் முணுமுணுக்கலாம். நாற்காலியைச் சற்றுப் பக்கவாட்டில் போட்டு அவருக்கு அந்த இடத்தைக் கொடுங்கள். அருகில் அமர்வதால் எஞ்சிய பார்வையும் போய்விடுமோ என்று அவர் அஞ்ச வேண்டியதில்லை.

வீட்டிலேயே ஒரு சிறு சோதனை

மாதத்திற்கு ஒருமுறை, வழக்கமாக அமரும் இடத்தில், தூரப்பார்வைக்கான கண்ணாடியை அணிந்துகொள்ளுங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடி, திரையின் அடியில் ஓடும் செய்தி வரியைப் படியுங்கள். பிறகு மற்றக் கண்ணால் படியுங்கள். இரு கண்களும் திறந்திருக்கும்போது நல்ல கண் பழுதுற்ற கண்ணின் குறையை மறைத்துவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் அது வெளிப்படும்.

ஒரு கண்ணில் மட்டும் எழுத்து மங்கினாலும், நிறங்கள் பழுப்பேறித் தெரிந்தாலும் விரைவில் கண் மருத்துவரைப் பாருங்கள். திரைச் சட்டத்தின் நேர்க்கோடு வளைந்து தெரிந்தால், அல்லது செய்தி வாசிப்பவரின் முகம் மட்டும் மறைந்து சுற்றியுள்ளவை தெரிந்தால், விழித்திரையின் மையப்பகுதி பாதிக்கப்பட்டிருக்கலாம். ஓரிரு நாள்களுக்குள் வாருங்கள். திடீரென ஒளிக்கீற்றுகள், மிதக்கும் கரும்புள்ளிகள், திரைச்சீலை இறங்குவது போன்ற நிழல் ஆகியவை தோன்றினால் அன்றே வாருங்கள்.

இச்சோதனையில் தேறியவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. கண் நீர் அழுத்த நோய் பக்கப் பார்வையைத்தான் முதலில் தின்னத் தொடங்கும். நடுப்பார்வை நெடுநாள் தெளிவாகவே இருக்கும். சர்க்கரை நோயால் விழித்திரையில் ஏற்படும் தொடக்கநிலை மாற்றங்களும் பார்வையைக் குறைப்பதில்லை. எனவே "டிவி நன்றாகத் தெரிகிறது" என்பது கண் நலமாக இருப்பதற்குச் சான்றாகாது. நாற்பது வயதைக் கடந்தவர்கள் கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயாளிகள் ஆண்டுக்கொரு முறை, பாவையை விரிக்கும் சொட்டு மருந்திட்டு விழித்திரையைக் காட்டுங்கள். அன்று சில மணி நேரம் பார்வை கலங்கலாக இருக்கும். வண்டி ஓட்டாமல், துணைக்கு ஒருவரை அழைத்து வாருங்கள்.

வீட்டில் மூத்தவர் ஒருவர் "இந்த டிவி சரியாகத் தெரியவில்லை" என்று சொன்னால், கடைக்குப் புறப்படும் முன் அவரை ஒரு கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கண்ணில் குறை இல்லையென்றால் மகிழ்ச்சியோடு புதிய திரை வாங்கலாம். குறை இருந்தால், அதைச் சரிசெய்த பின் பழைய திரையே போதும் என்று அவர் சொல்லவும் கூடும்.